ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஃபவுண்டேஷன் வகுப்பு: சேர்ப்பதற்கு முன் ஒரு மாதம் பாருங்கள்

(நம் சங்கத்தின் ஞாயிறு சந்திப்பில், கிளப் ஹவுஸ் மாடியில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். குடியிருப்பில் எல்லோரும் அவரை 'மிஸ்' என்றுதான் அழைக்கிறோம். இங்கும் அப்படியே விட்டிருக்கிறோம். உரைக்குப் பின் நடந்த கேள்வி பதிலையும் சேர்த்திருக்கிறோம். - ஆசிரியர் குழு)

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டிவியை அணைத்துவிட்டு இத்தனை பேர் வந்திருப்பது சந்தோஷமாக இருக்கிறது. பின்வரிசையில் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதனால் தாராளமாகக் கேளுங்கள், கடைசியில் கேள்வியும் கேளுங்கள்.

போன மாதம் லிஃப்டில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். "மிஸ், என் பையன் ஏழாவது. சயின்ஸில் எப்பவும் தொண்ணூற்றைந்துக்கு மேலதான். ஐஐடி ஃபவுண்டேஷன்ல சேர்க்கச் சொல்றாங்க. இந்த வாரத்துக்குள்ள பணம் கட்டினா தள்ளுபடியாம். சேர்க்கட்டுமா?" லிஃப்ட் ஆறாவது மாடிக்குப் போவதற்குள் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அடுத்த பத்து நாளில் இன்னும் மூன்று பேர் இதையே கேட்டார்கள். செயலாளரிடம் சொன்னேன்; "எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாளில் சொல்லிடுங்க மிஸ்" என்றார். அதுதான் இந்தக் கூட்டம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோச்சிங்கை எதிர்த்துப் பேச வரவில்லை. வயதுக்கு மீறிய பாடம் கூடவே கூடாது என்று சொல்லவும் வரவில்லை. சர் சி.வி. ராமன் 1888இல் பிறந்தவர். 1904இல் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டார். 1906இல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்துவிட்டது. "உனக்கு இன்னும் வயது ஆகவில்லை" என்று அவரை யாராவது உட்கார வைத்திருந்தால் நஷ்டம் நமக்குத்தான். சில பிள்ளைகள் உண்மையிலேயே தயாராக இருக்கிறார்கள். அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. மார்க்கை வைத்து முடியாது என்பது என் அனுபவம். அந்த அனுபவம் எனக்கு இரண்டு தவறுகளால் வந்தது.

இரண்டு தவறுகள்

முதல் தவறு ஒரு பையன் விஷயத்தில். ஏழாம் வகுப்பு. தொண்ணூற்றெட்டுக்குக் கீழே வாங்கியதே இல்லை. அதைவிட முக்கியமாக, தினமும் ஏதாவது ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். பழைய டார்ச்சின் பல்பு, ஒரு நாள் வண்டின் ஓடு, ஒரு நாள் துரு ஏறிய காந்தம். "மிஸ், இதைச் சுட்டா காந்தம் போயிடுமா?" என்று கேட்பான். அவன் பெற்றோர் என்னிடம் வந்தபோது, யோசிக்காமல் "கண்டிப்பாகச் சேருங்கள்" என்றேன்.

வாரத்தில் நான்கு நாள் பள்ளி விட்டதும் நேரே வகுப்பு. வாரா வாரம் டெஸ்ட். டெஸ்ட் மார்க்கை வைத்து பேட்ச் மாற்றுவார்கள். எட்டாம் வகுப்பு பாதியிலேயே சட்டைப் பை காலியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் நான் அவனுக்கு இயற்பியல் எடுத்தேன். பள்ளியில் இன்னும் நல்ல மார்க்தான். ஆனால் கேள்வி கேட்பது நின்றுபோயிருந்தது. ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "சயின்ஸ்ல எனக்கு ஒண்ணும் வராது மிஸ். நான் சி பேட்ச்" என்றான். பதிமூன்று வயதுப் பிள்ளை, தன்னை ஒரு எழுத்தாக்கிச் சொன்னான். பிறகு அவன் வேறு துறைக்குப் போய் நன்றாகவே இருக்கிறான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் காந்தக் கேள்வியைக் கேட்டவனிடம் "சயின்ஸ் வராது" என்று நம்ப வைத்ததில் எனக்கும் பங்கு உண்டே, அதுதான் வருத்தம்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர். எட்டாம் வகுப்புப் பெண். எழுபது மார்க் தாண்டாது. பரீட்சையில் பாதிக் கேள்விகளை விட்டுவிடுவாள். அவளுடைய அம்மா, "மிஸ், இவ அண்ணனோட லெவன்த் புத்தகத்தையே எடுத்து வெச்சுக்கிட்டிருக்கா, ஒலிம்பியாட் வகுப்புக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். முதலில் பள்ளிப் பாடத்தை ஒழுங்காக எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வருடம் கழித்துத்தான் அவள் விடைத்தாளை நிதானமாகப் பார்த்தேன். விட்ட கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் குட்டியாக எழுதியிருந்தாள்: "காற்றின் தடையைச் சேர்க்கணுமா, கூடாதா என்று கேள்வியில் இல்லை." தெரியாமல் விடவில்லை, கேள்வியில் குறை இருக்கிறது என்று விட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் ஒரு வருடத்தை நான் வீணாக்கினேன்.

ஆக, தொண்ணூற்றெட்டு மார்க்கும் என்னை ஏமாற்றியது, எழுபது மார்க்கும் ஏமாற்றியது.

கணிதம் வராமல் இயற்பியல் வராது

ஜேஇஇ என்பது பெரும்பாலும் 11, 12ஆம் வகுப்புப் பாடம். அதை ஏழாவது எட்டாவதிலேயே தொடும்போது என்ன ஆகிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

பந்தைச் சாய்வாக எறிந்தால் எவ்வளவு தூரம் போய் விழும்? அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: யூ ஸ்கொயர் சைன் டூ தீட்டா பை ஜி. சிபிஎஸ்இ பாடத்தில் சைன், காஸ் எல்லாம் பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. வெக்டர் பதினொன்றில். ஆனால் நம் குடியிருப்பிலேயே ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை இந்தச் சூத்திரத்தை எனக்குக் கடகடவென்று ஒப்பித்தது. "எந்தக் கோணத்தில் எறிந்தால் ரொம்பத் தூரம் போகும்?" என்றேன். "நாற்பத்தைந்து டிகிரி." "ஏன்?" "சார் சொன்னாங்க."

அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை. சைன் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைக்கு அந்தச் சூத்திரம் ஒரு மந்திரம் மாதிரி. மனப்பாடம்தான் செய்ய முடியும். மூன்று வருடம் கழித்து, பதினொன்றாம் வகுப்பில் அதே பாடம் வரும்போது "இது எனக்குத் தெரியுமே" என்று காதை மூடிக்கொள்ளும். புரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் புரியாமல் போய்விடும். முன்கூட்டியே படிப்பதில் நான் பார்த்த பெரிய நஷ்டம் இதுதான்.

அதனால் வயதைவிடக் கணிதம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பின்னம், விகிதம், எதிர்மறை எண், எளிய சமன்பாடு, வரைபடம் - இந்த ஐந்தும் கை வந்த பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் கொஞ்சம் மேலே ஏறலாம். ஐந்தில் இரண்டு தடுமாறினால், முதலில் அதைச் சரிசெய்ய ஒரு கோடை விடுமுறை போதும். அதற்கு ஃபவுண்டேஷன் வகுப்பு தேவையில்லை.

வீட்டிலேயே பார்க்க நான்கு விஷயங்கள்

இதற்குப் பரீட்சை வைக்காதீர்கள். ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் கவனியுங்கள்.

ஒன்று, விகிதம். இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டில் முக்கால் டம்ளர் உளுந்துதான் இருக்கு. அரிசி எவ்வளவு போடணும்?" என்று கேளுங்கள். மூன்று டம்ளர் என்ற பதில் வரும், வராது. அது இரண்டாம் பட்சம். பேப்பர் எடுக்காமல், உளுந்து குறைந்தால் அரிசியும் அதே அளவில் குறைய வேண்டும் என்ற உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு அடுத்த படி: கார் இரண்டு மடங்கு வேகத்தில் போனால், பிரேக் போட்ட பிறகு நிற்பதற்கு எத்தனை மடங்கு தூரம் ஓடும்? இரண்டு மடங்கு என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் நான்கு மடங்கு. இதைச் சொன்னதும் "ஏன் நாலு?" என்று விடாமல் கேட்கிற பிள்ளையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, வரைபடம். பள்ளிக்கு ஆட்டோவில் போகிற பிள்ளையிடம், நேரம் கீழே, வீட்டிலிருந்து போன தூரம் பக்கத்தில் என்று ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நடுவில் சிக்னலில் இரண்டு நிமிடம் நிற்கிறது. அந்த இடத்தில் கோடு படுக்கையாகப் போக வேண்டும். நிறையப் பிள்ளைகள் அங்கே கோட்டைத் தரைக்கு இறக்கிவிடுவார்கள். மேம்பாலம் வந்ததும் கோட்டையும் மேலே ஏற்றிவிடுவார்கள். அதாவது வரைபடத்தைச் சாலையின் படம் என்று நினைக்கிறார்கள். இதில் தப்பே இல்லை, ஆனால் இந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு வேகம், முடுக்கம் என்று வேகமாக ஓட்டினால் ஒன்றும் ஒட்டாது.

மூன்று, தன் பதில் தப்பு என்று தெரியும்போது என்ன செய்கிறது? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டிகளை மிதக்க விடுங்கள். தண்ணீர் மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுங்கள். ஐஸ் கரைந்ததும் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் "ஏறும்" என்பார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மட்டம் அப்படியே இருக்கும். மிதக்கிற ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் ஒதுக்கியிருக்கிறது. கரைந்ததும் அதே இடத்தை நிரப்பிவிடுகிறது.

நம் சென்னை புழுக்கத்தில் டம்ளருக்கு வெளியே வியர்த்து, மேஜையில் வட்டமாகத் தண்ணீர் நிற்கும். ஒரு பிள்ளை அதைக் காட்டி "பாருங்க, வழிஞ்சிடுச்சு" என்று சாதிக்கும். இன்னொரு பிள்ளை "ஓ, தெரியல" என்று போய்விடும். வேறொன்று "அப்ப இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்கும். ரொம்ப அபூர்வமாக ஒரு பிள்ளை, "உப்புத் தண்ணியா இருந்தா?" என்று கேட்கும். நிறைய உப்புப் போட்டுச் செய்து பாருங்கள், மட்டம் கொஞ்சம் ஏறும். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்குப் பாடத்தை நிறுத்தி வைக்காதீர்கள். அது ஆறாம் வகுப்பாக இருந்தாலும் சரி.

நான்கு, விடை வராத ஒரு கணக்கோடு எவ்வளவு நேரம் உட்காரும்? மேல்நிலை அறிவியல் என்றால் பெரும்பாலான நேரம் விடை தெரியாமல் இருப்பதுதான். எப்போதும் நூறு வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இந்த அனுபவமே இருக்காது. ஒரு நல்ல புதிரைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் கிறுக்கி, அழித்து, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறதா? அல்லது மூன்றாவது நிமிடமே முகம் சுருங்கி "அம்மா, ஆன்சர் சொல்லு" என்கிறதா? இரண்டாவது வகை என்றால் அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. தோற்றுப் பார்க்க இன்னும் இடம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ரேங்க் போடும் வகுப்பில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு என் சி பேட்ச் பையனே சாட்சி.

சேர்ப்பது என்று முடிவு செய்தால்

முதலில் பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள். "போறியா?" என்று கேட்காதீர்கள், "சரி" என்றுதான் சொல்லும். "இதுக்காக எதை விடுவே?" என்று கேளுங்கள். சாயந்திரக் கிரிக்கெட்டா, பாட்டு வகுப்பா, தூக்கமா? தூக்கத்தை விடுவது என்றால் பேச்சே வேண்டாம். நம் குடியிருப்பில் இரவு பதினொன்றரைக்கு எந்தெந்த ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று வாட்ச்மேன் அண்ணனுக்குக்கூடத் தெரியும்.

அடுத்து, பள்ளி ஆசிரியரிடம் மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள். "என் பிள்ளை வகுப்பில் என்ன கேள்வி கேட்கும்?" என்று கேளுங்கள். அவரால் ஒன்றையாவது நினைவுபடுத்திச் சொல்ல முடிந்தால் நல்லது.

மூன்றாவது, பணம். கட்டணம் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. நடைமுறையில் எட்டாம் வகுப்புக்கு நோட்டீஸ் நம் கேட்டிலேயே கொடுக்கிறார்கள். அதனால் இரண்டு வருடப் பணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். இரண்டு வகுப்பு உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில்.

நான்காவது, சேர்த்த பிறகு ஒரு மாதம் கவனியுங்கள். திரும்பி வரும்போது பிள்ளை எதைப் பற்றிப் பேசுகிறது? "இன்னைக்கு நிழல் ஏன் ரெண்டா விழுதுன்னு சொன்னாங்க" என்றால் தொடரலாம். "நான் பதினேழாவது, அவன் நாலாவது" என்பது மட்டும்தான் என்றால் நிறுத்துங்கள். நிறுத்துவது அவமானம் இல்லை. "இப்ப வேண்டாம், பத்தாவதுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

உண்மையிலேயே ஆழமாகப் போக விரும்பும் பிள்ளைக்கு ஜேஇஇ பாடம்தான் வழி என்றில்லை. இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் இளநிலை அறிவியல் ஒலிம்பியாட் முதல் கட்டத் தேர்வு, பத்தாம் வகுப்பும் அதற்குக் கீழும் படிப்பவர்களுக்கானது. மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அடுத்த கட்டங்களை நடத்துகிறது. அங்கே பாடத்தை முன்னால் இழுப்பதைவிட, தெரிந்த பாடத்தைத் தோண்டிப் பார்ப்பதுதான் அதிகம். என் எழுபது மார்க் பெண்ணுக்கு, ஒரு வருடம் தாமதமாக, அந்தப் பழைய வினாத்தாள்களைத்தான் கொடுத்தேன். வாரம் ஒரு கணக்கோடு வந்து நிற்பாள். பாதி நாள் எனக்கே விடை தெரியாது.

தயாராக இல்லாத பிள்ளைக்கும் நிறைய இருக்கிறது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அண்ணா நூற்றாண்டு நூலகமும் அதே பகுதிதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' என்று சிறுவர்களுக்கு ஒரு இதழ் நடத்துகிறது. இவற்றில் எதற்கும் ரேங்க் கிடையாது.

சுருக்கமாக இவ்வளவுதான். தள்ளுபடிக்குக் கடைசித் தேதி இருக்கலாம். பிள்ளை தயாராவதற்குக் கடைசித் தேதி கிடையாது.

கேள்வி பதில்

கேள்வி (ஏ பிளாக், ஒரு தந்தை): நீங்கள் சொல்வது சரி மிஸ். ஆனால் மற்றவர்கள் எல்லாம் ஆறாவதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். நாம் காத்திருந்தால் பின்தங்கிவிட மாட்டோமா?

பதில்: இந்தப் பயம் எனக்குப் புரிகிறது சார். பொய்யான தைரியம் சொல்ல மாட்டேன். அது கடுமையான போட்டிதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பு முதல் நாளில் பலமான கணிதமும், கேள்வி கேட்கிற பழக்கமும், நல்ல தூக்கமும் உள்ள பிள்ளை பின்தங்கி நான் பார்த்ததில்லை. நான்கு வருடம் ஓடிக் களைத்து, அன்றைக்கு உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (டி பிளாக், ஒரு தாத்தா): பேரனை ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள் அம்மா. நான் சொன்னால் எடுபடாது. என்னால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு ஐயா. அவன் வகுப்பிலிருந்து வந்ததும் "எவ்வளவு மார்க்?" என்று கேட்காத ஒரே ஆளாக இருங்கள். "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே, எனக்கும் சொல்லு" என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவனால் சொல்ல முடிந்தால் அவனுக்கும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் அதை அவன் அப்பாவிடம் நீங்கள் சொல்லலாம். அது எடுபடும்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவி): மிஸ், அம்மா அப்பா வேண்டாம்னு சொல்றாங்க. ஆனா எனக்கே போகணும்னு ஆசையா இருந்தா?

பதில்: நல்ல கேள்வி கண்ணு. எதுக்காக ஆசைன்னு முதல்ல நீயே யோசிச்சுப் பாரு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் போறாங்கன்னு ஆசைன்னா அது வேற. ஏதோ ஒண்ணு தெரிஞ்சே ஆகணும்னு ஆசைன்னா, அந்த ஒண்ணு என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வா. ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். அப்புறம் உன் அம்மாகிட்ட நானே பேசறேன்.

(அந்த மாணவி மறுநாளே மூன்று கேள்விகளோடு பி பிளாக்குக்குப் போனதாக அறிகிறோம். இனி ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு கிளப் ஹவுஸில் மிஸ் பிள்ளைகளோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டணம் இல்லை, பேட்ச் இல்லை. வரும் பிள்ளைகள் ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு கேள்வியும் கொண்டுவந்தால் போதும். - ஆசிரியர் குழு)